கேஸ் கீனமின் 19,217 யார்டு: ஆறு வருடம் ஆடியதால் மட்டும் வந்ததா?

#1 கூகர்சிவப்பு

2024 அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சீசனில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டில்லன் கேப்ரியேல், கேஸ் கீனமின் பாஸ் ரெகார்டை வாராவாரம் நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு கிளம்பியது. இன்னும் ஓயவில்லை. "கீனம் ரெகார்டா? ஆறு வருடம் காலேஜிலேயே இருந்தவர். சின்ன கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழு). எந்நேரமும் பந்தை வீசிக்கொண்டே இருக்கும் சிஸ்டம். யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள்." இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் கணக்கு. கேப்ரியேல் 155 டச்டவுன் பாஸ்களோடு (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத்தரும் வீச்சு) கீனமைச் சமன் செய்தார். வீச்சால் அணி முன்னேறிய தூரத்தில், அதாவது யார்டில், 18,722-இல் நின்றுவிட்டார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கீனம் வைத்த 19,217 இன்றும் அப்படியே இருக்கிறது.

சரி, அந்த "ஆறு வருடத்தை"ப் பிரித்துப் பாருங்கள். 2006-இல் அவர் மைதானத்தில் இறங்கவே இல்லை. 2007-இல் இன்னொரு குவார்ட்டர்பேக்கோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஆடினார்: 2,259 யார்டு. 2010-இல் மூன்றாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது: 636 யார்டு. மிச்சம் இருப்பது மூன்றே முழு சீசன்கள். 2008-இல் 5,020. 2009-இல் 5,671. 2011-இல் 5,631. இந்த மூன்றை மட்டும் கூட்டினாலே 16,322 யார்டு, 136 டச்டவுன் வருகிறது. இவருக்கு முன்னால் டச்டவுன் பாஸ் ரெகார்டை வைத்திருந்த டெக்சாஸ் டெக் அணியின் கிரஹாம் ஹாரல் காலேஜில் இருந்த காலம் முழுவதும் வீசியதே 134தான்.

ஆனால் நான் சொல்ல வருவது இதைவிடப் பெரியது. ஆறாவது வருடம் கிடைத்ததைக் குறை மாதிரிப் பேசுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த ஆறாவது வருடம்தான் கதையே. 2009-ஐயும் 2011-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே கீனம், அதே அணி, ஏறக்குறைய அதே ஆட்டமுறை. 2009-இல் 700 முறை வீசினார், 15 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு). 2011-இல் 603 முறை வீசினார், 5 இன்டர்செப்ஷன். கிட்டத்தட்ட நூறு வீச்சு குறைந்தும் வெறும் 40 யார்டுதான் குறைந்தது. டச்டவுன் 44-இலிருந்து 48 ஆனது. வீச்சுக்குச் சராசரி 8.1 யார்டு என்று இருந்தது 9.3 ஆனது. சிஸ்டம் வீசச் சொல்லும். எங்கே, எப்போது, எந்த வேகத்தில் என்பதை அனுபவம்தான் சொல்லித்தரும்.

#2 மூன்றாம்டவுன்

கீனமை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் எதிர்வாதத்தை யாராவது வைக்கத்தானே வேண்டும்.

ஹூஸ்டன் என்ற ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் ஜாக் பார்டீ கோச்சாக இருந்தபோது "ரன் அண்ட் ஷூட்" ஆட்டமுறையில் ஆண்ட்ரே வேர் 46 டச்டவுன் வீசி, சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். அவர் போனார். அடுத்த வருடமே டேவிட் கிளிங்ளர் வந்து 54 டச்டவுன் வீசினார், அதுவும் 11 ஆட்டத்தில். ஈஸ்டர்ன் வாஷிங்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11. அரிசோனா ஸ்டேட்டோடு டோக்கியோவில் நடந்த ஆட்டத்தில் 716 யார்டு. ஆள் மாறினாலும் எண் மாறவில்லை. அப்படியிருக்க, 2011-இல் எப்படி ஆளுக்கு மட்டும் பெருமையைக் கொடுப்பது?

2010-ஐயும் பாருங்கள். கீனம் விழுந்த அதே யு.சி.எல்.ஏ ஆட்டத்தில் மாற்று குவார்ட்டர்பேக் காட்டன் டர்னருக்கும் காறையெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு முதலாமாண்டுப் பையன்களை வைத்தே சீசனை ஓட்டினார்கள். அவர்களும் யார்டு குவித்தார்கள்.

அப்புறம் எதிரணிகள். ஹூஸ்டன் இருந்த கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ-வில் 2011-இல் டுலேனை 73-17, யு.ஏ.பி-யை 56-13 என்று அடித்தார்கள். வெற்றி வெற்றிதான். ஆனால் அலபாமா மாதிரிப் பெரிய அணியின் டிஃபென்ஸ் முன்னால் நின்று வீசுவதும் இதுவும் ஒன்றல்ல.

#3 புதுப்பந்து

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். நான் இப்போதுதான் காலேஜ் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். டச்டவுன், யார்டு எல்லாம் புரிகிறது. "சிஸ்டம் குவார்ட்டர்பேக்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த சிஸ்டம் அப்படி என்னதான் செய்கிறது? எல்லா அணியிலும் பாஸ் வீசுகிறார்கள்தானே?

#4 கூகர்சிவப்பு

நல்ல கேள்வி தம்பி. இதைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

ஹூஸ்டன் ஆடியது "ஏர் ரெய்டு" வழி வந்த ஆட்டமுறை. ஹால் மம்மி, மைக் லீச் இரண்டு பேரும் 1989 வாக்கில் அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் உருவாக்கியது. அதற்கான விதையை லாவெல் எட்வர்ட்ஸ் கோச்சாக இருந்த பிரிகம் யங் பல்கலைக்கழக (பி.ஒய்.யு) அணியிலிருந்து எடுத்தார்கள். பிறகு லீச் அதை டெக்சாஸ் டெக்குக்குக் கொண்டுபோனார். அவரிடம் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் கிளிஃப் கிங்ஸ்பரி, அவருக்குக் கீழே கோச்சாக வேலை பார்த்தவர் டேனா ஹோல்கர்சன். கெவின் சம்லின் 2008-இல் ஹூஸ்டனின் தலைமைக் கோச்சாக வந்தபோது ஹோல்கர்சனை அழைத்துக்கொண்டார். 2011-இல் கீனமின் பக்கத்தில் நின்றவர் கிங்ஸ்பரி. பின்னாளில் டெக்சாஸ் டெக்கில் பாட்ரிக் மஹோம்ஸுக்குக் கோச்சாக இருந்த அதே கிங்ஸ்பரி.

இந்த முறையின் உயிர் அதன் சிக்கனத்தில் இருக்கிறது. மற்ற அணிகள் தடித்த பிளேபுக்கைத் தூக்கிக்கொண்டு அலையும். இவர்களிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய பாஸ் ஆட்டங்கள்தான். அதையே பயிற்சியில் நூற்றுக்கணக்கில் செய்வார்கள். "மெஷ்" என்று ஒன்று: இரண்டு ரிசீவர்கள் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள்) எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஐந்தாறு யார்டு ஆழத்தில் ஓடிவந்து நடுவில் ஒருவரையொருவர் கடப்பார்கள். கடக்கும்போது கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம். துரத்தி வரும் டிஃபென்டர்கள் இருவரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒருவர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அந்த அரை நொடி போதும்.

"ஃபோர் வெர்ட்டிகல்ஸ்" இதைவிட அழகு. நான்கு ரிசீவர்கள் நேராக மேலே ஓடுவார்கள். பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது போல இருக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓடும்போதே முடிவெடுக்கும் உரிமை உண்டு. சேஃப்டி (டிஃபென்ஸின் கடைசி வரிசையில் நிற்பவர்) பின்வாங்கித் தலைக்கு மேலே நின்றால் ஓட்டத்தை வெட்டிவிட்டு, காலி இடத்தில் நின்று குவார்ட்டர்பேக் பக்கம் திரும்ப வேண்டும். சேஃப்டி மேலேறி வந்தால் அவரைத் தாண்டி ஓட வேண்டும். ரிசீவர் எடுக்கும் இந்த முடிவை, அவர் எடுப்பதற்கு முன்பே கீனமும் எடுத்திருக்க வேண்டும். காரணம், பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும்போது ரிசீவர் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்து ஒரே பதிலுக்கு வர வேண்டும். ஒரு வருடத்தில் வருகிற விஷயமா இது? 2011-இல் பாட்ரிக் எட்வர்ட்ஸ், டைரன் கேரியர் இருவரும் கீனமோடு பல சீசன்கள் ஆடியவர்கள். மூன்றாம்டவுன் "சிஸ்டம்" என்கிறார். அந்த சிஸ்டமே இப்படிச் சேர்ந்து ஊறிய ஆட்களை நம்பித்தான் நிற்கிறது. முதலாமாண்டுப் பையன்களும் யார்டு குவித்தார்கள், உண்மை. அணி 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி) என்று முடிந்தது, அதுவும் உண்மை. பந்து எத்தனை முறை எதிரணியின் கைக்குப் போனது என்றும் பார்க்க வேண்டும்.

#5 ரைஸ்வாசல்

நான் ரைஸ் பல்கலைக்கழகத்துப் பக்கம். ஹூஸ்டன் நகரத்துக்குள்ளேயே எங்களுக்கும் அவர்களுக்கும் "பேயு பக்கெட்" என்று ஒரு பழைய போட்டி உண்டு. அதனால் கீனமைப் புகழ எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இருந்தாலும் 2011 அக்டோபர் 27, வியாழக்கிழமை இரவு நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

73-34. கீனம் மட்டும் ஒன்பது டச்டவுன் பாஸ். ஹாரலின் 134 அன்றுதான் உடைந்தது, எங்களுக்கு எதிராக. அந்த ஒன்பதில் ஐந்து பாட்ரிக் எட்வர்ட்ஸுக்கு.

எட்வர்ட்ஸைப் பற்றி நான்கு வரி எழுதாமல் இந்த அணியைப் பற்றிப் பேசுவது நியாயம் இல்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து அணியில் சேர்ந்த பையன். 2008 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் மார்ஷலுக்கு எதிரான ஆட்டம். எண்ட் ஜோனுக்குள் (டச்டவுன் போடும் கடைசிப் பகுதி) வந்த பாஸைத் துரத்தி ஓடினார். எல்லைக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் பேண்டு வாத்தியக்காரர்களின் சாமான் வண்டி ஒன்று நின்றிருந்தது. வேகத்தை அடக்க முடியாமல் நேராக அதில் மோதினார். காலெலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இனி நடப்பதே பெரிது என்று நினைக்கும்படியான காயம். அவர் மறு சீசனே ஆட வந்தார். 2011-இல் 1,752 யார்டு, 20 டச்டவுன்.

முழங்கால் கிழிந்த குவார்ட்டர்பேக்கும் கால் உடைந்த ரிசீவரும் சேர்ந்து எங்களைப் பிரித்து மேய்ந்தார்கள். எதிரணி ரசிகனாக வயிறு எரிந்தது. கீனம் ரிசீவரின் முகத்தைப் பார்த்து வீசவே இல்லை என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்தது. எங்கள் சேஃப்டியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார், அதற்கு எதிர்ப்பக்கம் பந்து போய்விடும். திறமையான இரண்டாமாண்டுப் பையனிடம் இந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

#6 மூன்றாம்டவுன்

ரைஸ்வாசல் சொல்வது எனக்கு உறைக்கிறது. ஆனால் பெரிய ஆட்டங்களையும் பேச வேண்டும்.

2009 சீசன் முடிந்து நடந்த பவுல் ஆட்டம் (அழைக்கப்பட்ட அணிகள் ஆடும் சிறப்பு ஆட்டம்). ஏர் ஃபோர்ஸிடம் 47-20 என்று தோல்வி. கீனம் ஆறு இன்டர்செப்ஷன். அதற்கு முன்னால் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஈஸ்ட் கரோலைனாவிடம் 38-32 என்று தோல்வி. சரி, அது நான்காவது வருடம் என்று விடுங்கள். 2011 டிசம்பர் 3-ஐ என்ன செய்வது? ஆட்டம் சொந்த மைதானத்தில். 12-0 என்று வந்திருக்கிறார்கள். தரவரிசையில் முதல் பத்துக்குள். ஜெயித்தால் பி.சி.எஸ் எனப்படும் மிகப் பெரிய பவுல் ஆட்டங்களில் ஒன்றில் இடம் கிட்டத்தட்ட உறுதி. சதர்ன் மிஸிஸிப்பி வந்து 49-28 என்று அடித்துவிட்டுப் போனது. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆட்டத்திலும் சேர்த்து மூன்றே இன்டர்செப்ஷன் வீசியவர், அன்று ஒரே நாளில் இரண்டு.

ரெகார்டு புத்தகத்தில் இந்த ஆட்டத்தின் 373 யார்டும் சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த அணி எதற்காகக் கட்டப்பட்டதோ அது அன்று கை நழுவியது. நான் கீனமைச் சின்னவராக்கவில்லை. யார்டை வைத்து மட்டும் ஒருவரை அளக்க முடியாது என்கிறேன்.

#7 அபிலீன்சாலை

சதர்ன் மிஸ் தோல்வி இன்றைக்கும் வலிக்கிறது. அன்று ராபர்ட்சன் ஸ்டேடியத்தில் இருந்த எவருக்கும் அது மறக்காது. சுமார் 32,000 பேர் கொள்ளும் பழைய மைதானம், இப்போது அது இல்லை, 2012 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான், நவம்பர் 19-ஆம் தேதி, ஈ.எஸ்.பி.என்னின் "காலேஜ் கேம்டே" நிகழ்ச்சி முதல் முறையாக எங்கள் வளாகத்துக்கு வந்தது. எஸ்.எம்.யு-வை 37-7 என்று வென்றோம். ஹூஸ்டன் மாதிரி ஒரு கம்யூட்டர் பல்கலைக்கழகத்துக்கு, வகுப்பு முடிந்ததும் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் வளாகத்துக்கு, அந்த அதிகாலைக் கூட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியாட்களுக்குப் புரிய வைப்பது கடினம்.

மூன்றாம்டவுன் "அணி எதற்காகக் கட்டப்பட்டதோ" என்கிறார். நான் அங்கேதான் மாறுபடுகிறேன். அந்த அணி கட்டப்பட்டதே 2010 செப்டம்பரின் மேல். ரோஸ் பவுல் மைதானம், யு.சி.எல்.ஏ. தான் வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டு ஓடியபோது, அவனை மறிக்கப் போய்த்தான் கீனமின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவருக்கு அது ஐந்தாவது வருடம். விதிப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். 2011 ஜனவரியில் காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ ஆறாவது வருடத்துக்கு அனுமதி கொடுத்தது. திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே அதே யு.சி.எல்.ஏ, இந்த முறை ஹூஸ்டனில். 38-34 என்று ஜெயித்தார்.

அப்புறம் லூசியானா டெக். அதை யாரும் பேசுவதில்லை. 34-7 என்று பின்தங்கியிருந்து 35-34 என்று முடித்தார்கள். 27 புள்ளி! பின்தங்கிய அணி பதறி நீளநீளமாக வீசத் தொடங்கும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதல் கால்பகுதியில் ஆடிய அதே ஐந்து யார்டு, எட்டு யார்டு பாஸ்களையே திரும்பத் திரும்ப ஆடினார்கள். முழங்கால் போய் ஒரு வருடம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தவரின் நிதானம் அது என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. கீனமுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க முன்வந்த ஒரே பெரிய அணி ஹூஸ்டன். அபிலீனில் வைலி உயர்நிலைப் பள்ளியை 2004-இல் மாநில சாம்பியனாக்கியவர், அப்பாவே காலேஜ் கோச், இருந்தும் உயரம் போதாது, கை வலு போதாது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இதில் ஒரு திருப்பம் பாருங்கள். ராபர்ட் கிரிஃபின் முதலில் வருவதாகச் சொன்னது ஹூஸ்டனுக்குத்தான். கோச் ஆர்ட் பிரைல்ஸ் பேலருக்குப் போனதும் அவரும் கூடவே போனார். 2011 ஹைஸ்மன் கிரிஃபினுக்குக் கிடைத்தது. 48 டச்டவுன் வீசிய கீனமை இறுதிப் பட்டியலின் ஐந்து பேரில்கூடச் சேர்க்கவில்லை.

#8 ரைஸ்வாசல்

பழைய ரெகார்டுகளோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2002-க்கு முன்னால் என்.சி.ஏ.ஏ பவுல் ஆட்டங்களைக் கணக்கில் சேர்த்ததில்லை. பி.ஒய்.யு-வின் டை டெட்மர் 1988 முதல் 1991 வரை நான்கு வருடத்தில் 15,031 யார்டு வீசினார், அதில் பவுல் யார்டு ஒன்றுகூட இல்லை. அதனால் கீனம் - டெட்மர் என்று நேருக்கு நேர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேப்ரியேலோடு வைப்பது சரி. அவருக்கும் கோவிட் காரணமாகக் கிடைத்த கூடுதல் வருடம், காயம் எல்லாம் சேர்ந்து ஆறு சீசன்.

#9 மூன்றாம்டவுன்

அது நியாயமான பேச்சு. கேப்ரியேல் மூன்று அணிகளில், மூன்று ஆட்டமுறைகளில் அந்த எண்ணுக்கு வந்தார்: சென்ட்ரல் ஃபுளோரிடா, ஓக்லஹோமா, ஓரிகன். அது ஒரு வகைப் பெருமை. கீனம் ஒரே இடத்தில் வேர்விட்டு வந்தார். ஒட்டுமொத்த டச்டவுனில், அதாவது ஓடியதும் சேர்த்து, கீனமின் 178-ஐக் கேப்ரியேல் தாண்டிவிட்டார் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஆனால் கூகர்சிவப்பு, "சின்ன கான்ஃபரன்ஸ்" கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

#10 கூகர்சிவப்பு

சொல்கிறேன். 2009-இல் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமா ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 45-35 என்று வென்றது இதே கீனம். அதே மாதம் டெக்சாஸ் டெக்கை 29-28 என்று வென்றபோது கடைசி நிமிடத்தில் தானே ஓடிப்போய் டச்டவுன் போட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்த பதில் 2012 ஜனவரி 2. டல்லஸில் காட்டன் பவுல் மைதானம், பென் ஸ்டேட். பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸின் அணி. அந்த சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ். ஹூஸ்டன் பக்கம் நிலைமை என்ன? சதர்ன் மிஸ் தோல்விக்குப் பிறகு சம்லின் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-க்குப் போய்விட்டார். அவர் இடத்தில் டோனி லெவின் புதிதாகப் பொறுப்பேற்று நடத்தினார். பென் ஸ்டேட்டும் அந்த இலையுதிர்காலத்தில் பெரும் நெருக்கடியில் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் களத்தில் நின்ற பதினொரு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள்.

கீனம் 69 முறை வீசி 45-ஐச் சேர்த்தார். 532 யார்டு, மூன்று டச்டவுன், இன்டர்செப்ஷன் பூஜ்யம். 30-14. முதல் கால்பகுதியிலேயே 200 யார்டைத் தாண்டிவிட்டார். ஏர் ஃபோர்ஸிடம் ஆறு பந்தைத் தொலைத்த அதே ஆள், இரண்டு வருடம் கழித்து.

சம்லின் அடுத்த வருடம் ஏ அண்ட் எம்-இல் குவார்ட்டர்பேக் ஜானி மான்ஸியெலோடு எஸ்.இ.சி என்ற பெரிய கான்ஃபரன்ஸிலேயே புகுந்து விளையாடினார், கிங்ஸ்பரியும் கூடவே இருந்தார். அந்த ஆட்டமுறை பெரிய கான்ஃபரன்ஸில் எடுபடாது என்ற வாதம் அதோடு போயிற்று. தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2012 டிராஃப்ட்டில் கீனமை யாரும் எடுக்கவில்லை. 2017-இல் மினசோட்டா வைகிங்ஸுக்கு ஆடி 14 ஆட்டத்தில் 11 வென்றார். பிளேஆஃபில் நேரம் முடியும் வேளையில் ஸ்டெஃபான் டிக்ஸுக்கு வீசிய 61 யார்டு டச்டவுனை அந்த ஊரில் இன்றும் அற்புதம் என்றே சொல்கிறார்கள்.

#11 மூன்றாம்டவுன்

பென் ஸ்டேட் ஆட்டத்தை நானும் ஏற்றுக்கொள்கிறேன், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஹூஸ்டன் சிஸ்டம் இல்லாமல் 19,217 வந்திருக்காது என்ற என் நிலை அப்படியேதான் இருக்கிறது. 603 வீச்சில் ஐந்தே இன்டர்செப்ஷன் என்பது சிஸ்டம் தந்ததல்ல, ஆள் தந்தது. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

#12 புதுப்பந்து

அருமையான இழை. ஒரு ஆட்டத்தை மட்டும் முழுதாகப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது? ரைஸா, பென் ஸ்டேட்டா?

#13 ரைஸ்வாசல்

பென் ஸ்டேட். ரைஸ் ஆட்டத்தை என் பொருட்டு விட்டுவிடுங்கள்.

#14 கூகர்சிவப்பு

பென் ஸ்டேட்டேதான் தம்பி. முதல் கால்பகுதியைப் பந்தைப் பார்க்காமல் ஒருமுறை பார். ஸ்னாப்புக்கு (பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வருவது) முன்னால் டிஃபென்ஸின் கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு சேஃப்டிகளை மட்டும் கவனி: ஒருவர் மேலே ஏறுகிறாரா, இருவரும் பின்னால் நிற்கிறார்களா. பிறகு பந்து எங்கே போனது என்று பார்த்துக்கொள். நாலைந்து டிரைவுக்குள் கீனம் எங்கே வீசப்போகிறார் என்று உனக்கே தெரிய ஆரம்பிக்கும். பார்த்துவிட்டு இங்கே எழுது, லூசியானா டெக் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை எப்படிப் பார்ப்பது என்று அபிலீன்சாலை சொல்வார்.